மேட்டுத் தோட்டத்துக்குச் சோலர் பம்பி: கடைக்குப் போகுமுன் உயரத்தை அளந்துவிடுங்கள்

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் சோலர் பம்பி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை எச்.பி. போட்டால் காணும்?" என்பதுதான். கடைக்காரரும் அரை, முக்கால், ஒன்று என்று ஏதாவது சொல்லிவிடுவார். அந்தப் பதிலை நம்பி வாங்கிய பம்பி ஓடைக்கரையில் நன்றாகவே சுழலும், ஆனால் மேலே தாங்கியில் ஒரு சொட்டும் விழாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்குப் பொருந்தும் பம்பி மலைக்குச் சரிவராது. அங்கே தண்ணீர் ஏழெட்டு மீற்றர் ஏறினால் போதும். இங்கே ஓடை பள்ளத்தில், கரட் பாத்தி மேட்டில், நடுவே நாற்பது ஐம்பது மீற்றர் செங்குத்து. மலையில் பம்பியைத் தீர்மானிப்பது அந்த உயரம்தான். எச்.பி. என்னும் பரிவலு அதற்குப் பிறகு வரும் கணக்கு.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் நிலத்துக்கு மேலே ஊற்று இருக்கிறதா? இருந்தால் பம்பியே தேவையில்லை. பீலிக்குத் தண்ணீர் வருவதுபோலப் பைப் போட்டு இறக்கிவிடலாம். அரைக் கிலோமீற்றர் பைப் வாங்கினாலும் பல இடங்களில் அது பம்பியை விட மலிவு, பழுதும் குறைவு. ஓடை செங்குத்தாக விழும் இடமென்றால், விழும் நீரின் வேகத்தைக் கொண்டே அதில் ஒரு பங்கை மேலே தள்ளும் ராம் பம்பி இருக்கிறது. அதற்கு வெயிலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் வழியில்லாத இடத்துக்குத்தான் சோலர்.

அது வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. பேனலில் வெயில் பட்டால் நேர்மின்னோட்டம் வரும். அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும், பெட்டி மோட்டரை ஓட்டும். பெட்டியின் வேலைதான் முக்கியம். முகில் வந்தால் பேனல் தரும் வலு குறைகிறது. அந்த நேரத்தில் மோட்டர் பழைய வேகத்தையே கேட்டால் மின்னழுத்தம் சரிந்து மோட்டர் நின்றுவிடும். பெட்டி நொடிக்கு நொடி பேனலின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பார்த்து, இரண்டின் பெருக்கம் எங்கே உச்சமோ அங்கே நிறுத்தி, மோட்டரின் வேகத்தை அதற்கேற்ப ஏற்றி இறக்கும். பற்றரி இதில் கிடையாது, சேர்க்கவும் வேண்டாம். பற்றரி சில வருடங்களில் பழுதாகும். மேட்டில் நிற்கும் தாங்கியில் ஏற்றிவிட்ட தண்ணீர் இரவிலும் இறங்கிவரும், மழை நாளிலும் இறங்கிவரும்.

இனி உயரம். கைத்தொலைபேசி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். பத்து மீற்றர் பிழை அதில் சாதாரணம், பள்ளத்தாக்கில் அதற்கும் மேல். நம்பகமான வழி ஒன்று இருக்கிறது, செலவும் குறைவு. தாங்கி வைக்கப் போகும் இடத்திலிருந்து ஓடை வரை அரை அங்குல ஹோஸை இழுத்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்புங்கள். கீழ் முனையில் ஓர் அழுத்தமானியை இறுகப் பூட்டுங்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும்போது ஊசி காட்டுவதுதான் கணக்கு: ஒரு பாருக்கு 10.2 மீற்றர். 4.4 பார் காட்டினால் உயரம் 45 மீற்றர். ஹோஸ் எந்த வழியாக வளைந்து வந்தாலும் விடை மாறாது, உள்ளே காற்று இருந்தால் மட்டும் பிழைக்கும். சாதாரண ஹோஸுக்கு 4 பாருக்கு மேல் தாங்காது என்று தோன்றினால், பாதி வழியில் முளை அடித்து இரண்டு தடவையாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த 45 மீற்றரோடு பைப்பின் உராய்வையும் கூட்ட வேண்டும். மலையில் பலரும் ஏமாறுவது இங்கேதான். நொடிக்கு 0.6 லீற்றர், அதாவது மணிக்குச் சுமார் 2,160 லீற்றர், 200 மீற்றர் நீளப் பைப் வழியாகப் போகிறது என்று வையுங்கள். உள்விட்டம் 22 மி.மீ. உள்ள பைப்பில் உராய்வு மட்டும் 25 மீற்றர் உயரத்துக்குச் சமம். 28 மி.மீ. என்றால் 8 மீற்றர். 36 மி.மீ. என்றால் இரண்டரை மீற்றருக்குள் அடங்கிவிடும். சின்னப் பைப் வாங்கி மிச்சம் பிடித்த காசு, பெரிய பம்பிக்கும் கூடுதல் பேனலுக்கும் இரட்டிப்பாகப் போய்விடும். பைப்பின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் வெளிவிட்டம் என்பதையும் கவனியுங்கள். 45 மீற்றர் ஏற்றத்துக்கு அடிப்பகுதிப் பைப் 4.4 பாரை எந்நேரமும் தாங்க வேண்டும். பம்பி திடீரென நிற்கும்போது திரும்பி வரும் அடி அதற்கு மேல். ஆகவே கீழ்ப்பாதிக்கு 10 பார் தாங்கும் பைப், மேல்பாதிக்கு 6 பார் போதும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? வறண்ட நாளில் மரக்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு 4 மி.மீ., வீணாவதையும் சேர்த்தால் 5 மி.மீ. என்று எடுக்கலாம். ஒரு பேர்ச்சுக்கு 125 லீற்றர் வரும். அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச் கரட்டுக்கு 10,000 லீற்றர். சொட்டு நீர் போட்டால் இதில் கணிசமாகக் குறையும்.

இப்போது வலுவைக் கணக்கிடலாம். ஒரு கனமீற்றர் தண்ணீரை ஒரு மீற்றர் தூக்க 2.725 வாற்று-மணி வேண்டும். 10 கனமீற்றரை 48 மீற்றர் தூக்க, அதாவது 45 மீற்றர் உயரமும் 36 மி.மீ. பைப்பின் உராய்வும் சேர்த்து, சுமார் 1,310. பம்பியும் மோட்டரும் சேர்ந்து 45 சதவீதம் திறனோடு ஓடினால் 2,900. அழுக்கு, வயர், பெட்டி, சூடு ஆகியவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகும். பேனலில் 3,700 வேண்டும். வறண்ட காலத்தில் நாளொன்றுக்கு நாலரை மணிநேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைப்பதாக வைத்தால் 820 வாற்று. 540 வாற்றுப் பேனல் இரண்டு தாராளமாகக் காணும். பேனல் விலை பம்பி விலையை விடக் குறைவாக இறங்கிவிட்டதால், மூன்றாவதைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முகில் மூடிய காலையில் அதன் பலன் தெரியும். ஆனால் மூன்றை ஒன்றோடொன்று தொடராகக் கோர்க்குமுன் கீழே குளிரைப் பற்றிச் சொல்வதைப் படித்துவிடுங்கள்.

எந்த வகைப் பம்பி என்பதை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைப்பது விசிறிச் சக்கரம் சுழற்றித் தள்ளும் மையவிலக்குப் பம்பி. அது தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகம் 70 சதவீதமாகக் குறைந்தால் உயரம் பாதிக்குக் கீழே வந்துவிடும். முழு வேகத்தில் 60 மீற்றர் வரை தள்ளக்கூடிய பம்பியை 45 மீற்றர் ஏற்றத்தில் வைத்தால், வேகம் 87 சதவீதத்தைத் தாண்டும் வரை மேலே ஒரு சொட்டும் வராது. அந்த வேகத்துக்கு முழு வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது மெல்லிய முகில் வந்தாலே மோட்டர் சுழன்றுகொண்டிருக்கும், தண்ணீர் பாதி வழியில் நின்றுவிடும். "மோட்டர் ஓடுது, தண்ணி வரல்ல" என்று சொல்லப்படும் பல இடங்களில் பழுது என்று ஒன்றுமே இல்லை, பம்பியின் தன்மைதான் அது.

திருகுப் பம்பி வேறு மாதிரி. உருக்குத் திருகு ஒன்று ரப்பர் உறைக்குள் சுழன்று, தண்ணீரைப் பை பையாக மேலே தள்ளும். பாதி வேகத்தில் சுழன்றால் பாதித் தண்ணீர் வரும், ஆனால் அதே உயரத்துக்கு வரும். காலை எட்டு மணி வெயிலிலும், மூடுபனி விலகியும் விலகாமலும் இருக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருக்கும். 40 மீற்றருக்கு மேற்பட்ட ஏற்றம், மணிக்கு இரண்டு மூவாயிரம் லீற்றருக்குள் தேவை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதற்குரிய குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் ரப்பர் வெந்துவிடும். மணல் கலந்த நீர் உறையைத் தின்றுவிடும். மேல் வால்வை மூடிவைத்து ஓட்டினால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பைப் வெடிக்கும். ஆகவே தண்ணீர் வற்றினால் நிறுத்தும் உணரியும், பைப்பின் அடியில் ஓர் அழுத்த விடுவிப்பு வால்வும் கட்டாயம். நீரில் மூழ்கி ஓடும் இந்தப் பம்பியை ஓடையில் சும்மா போட்டுவிடவும் கூடாது. மோட்டரைச் சுற்றி நீர் ஓடினால்தான் அது குளிரும். 3 அங்குலப் பம்பியை 110 மி.மீ. பைப் துண்டுக்குள் நுழைத்து, உறிஞ்சும் நீர் மோட்டரின் மேலாக வரும்படி ஒரு பக்கத்தை அடைத்து, சேகரிப்புத் தொட்டியில் கிடத்துவதுதான் முறை.

கரையில் வைக்கும் பம்பி என்றால் மலைக்கே உரிய இன்னொரு சங்கடம் இருக்கிறது. பம்பி தண்ணீரை இழுப்பதில்லை. பம்பி வெற்றிடத்தை உண்டாக்க, வளிமண்டலம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தத் தள்ளல் 10.3 மீற்றர் நீருக்குச் சமம். 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 8.2 மீற்றர்தான். கொழும்பில் 7 மீற்றர் வரை உறிஞ்சும் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பம்பி இங்கே 5 மீற்றருக்கு மேல் தடுமாறும். உள்ளே சரளைக் கல் உருள்வதுபோலச் சத்தம் கேட்டால், சக்கரத்தில் நீராவிக் குமிழிகள் உடைகின்றன என்று பொருள். விட்டால் சக்கரம் அரித்துப்போகும். பம்பியை நீர்மட்டத்துக்கு 2 மீற்றருக்குள் இறக்கி வையுங்கள். அப்படி இறக்கினால் ஓடை பெருகும்போது மூழ்கும், எனவே இழுத்து மேலே வைக்கக்கூடிய பலகைச் சட்டத்தில் பூட்டுங்கள்.

பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதற்கு ஒரே விடை இல்லை. உங்கள் வறட்சி எந்த மாதம் என்பதைப் பொறுத்தது அது. ஊவாப் பக்கத்தில், வெலிமடை, பண்டாரவளை, கெப்பெட்டிபொலையில், ஜூன் முதல் செப்டெம்பர் வரைதான் வறட்சிக் காலம். வயலில் உருளைக்கிழங்கு நிற்கும் சிறுபோகமும் அதுதான். அதே மாதங்களில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்தப் பக்கத்துக்கு வறட்சி ஜனவரி முதல் மார்ச் வரை. நாம் நிற்பது வட அகலாங்கு 7 பாகையில். ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகிறது. ஜூன் 21 அளவில் 16 பாகை வடக்கே. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து 30 பாகை தெற்கே சாய்த்தால், ஊவாவுக்குத் தண்ணீர் வேண்டிய மாதத்தில் நண்பகல் நேர் ஒளியில் பத்தில் மூன்று பங்கு வீண். ஊவாப் பக்கம் வடக்கே 10 பாகை போதும். அதற்கும் குறைத்தால் மழைநீர் வழியாமல் அழுக்கும் பாசியும் கீழ் விளிம்பில் ஒட்டும். நுவரெலியாப் பக்கம் 15 பாகை தெற்கே வைக்கலாம். நண்பகலுக்குப் பிறகு நாளும் மூடுபனி ஏறுகிற சரிவென்றால் முகத்தைக் கொஞ்சம் தென்கிழக்கே திருப்புங்கள், காலை வெயில்தான் அங்கே நம்பகமானது.

நிழல் இன்னும் பெரிய எதிரி. ஒரு யூக்கலிப்டஸ் கிளையின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலே, தொடராகக் கோர்த்த அந்த வரிசையின் வலு வெகுவாகச் சரியும். ஓடைப் பள்ளத்தில் வெயில் இறங்கவே ஒன்பது மணி ஆகும் இடங்கள் ஏராளம். ஆகவே பம்பி கீழே, பேனல் மேலே, நடுவில் நீண்ட வயர். இங்கே கணக்குத் தவறினால் வயரே வெயிலைத் தின்றுவிடும். 4 சதுர மி.மீ. செப்பு வயர் 100 மீற்றர், போகவர 200 மீற்றர். 10 அம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 9 வோல்ற்று போய்விடும். இரண்டு பேனல் தொடரில் கிடைக்கும் 83 வோல்ற்றில் அது பத்திலொன்று. வயரைப் பருமனாக்கலாம். அதைவிடப் புத்திசாலித்தனம், உயர்ந்த மின்னழுத்தத்தில் ஓடும் பம்பியைத் தெரிவது. மின்னழுத்தம் இரட்டித்தால் அதே வயரில் இழக்கும் வலு கால்வாசிதான்.

இனி அந்தக் குளிர் விடயம். பேனல் குளிர்ந்தால் மின்னழுத்தம் ஏறும். நம் மலைக் குளிர் நமக்குச் செய்யும் உபகாரமும் இதுதான். அதே பேனல் வவுனியா வெயிலில் தருவதை விட இங்கே அதே அளவு ஒளிக்குக் கூடத் தரும். ஆனால் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 49.5 வோல்ற்றுத் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் ஓட்டாமல் இருக்கும்போது காட்டுவது) என்று எழுதியிருக்கும் பேனல் மூன்றைக் கோர்த்தால் 148.5. கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேலெல்லை 150. கடதாசியில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 49.5 என்பது 25 பாகை வெப்பத்தில் அளந்தது. ஜனவரியில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகும் நுவரெலியாக் காலையில், 5 பாகையில் முதல் வெயில் படும்போது அது 156 ஆகிவிடும். ஒரே காலையில் பெட்டி போய்விடலாம். கோர்த்த மொத்தத்துக்கு மேல் 10 சதவீதம் இடைவெளி விட்டுப் பெட்டியைத் தெரியுங்கள்.

சுவிட்சிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. வீட்டுக்குப் போடும் சாதாரண பிரேக்கரைப் பேனல் வரிசைக்குப் போடக்கூடாது. வீட்டு மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால் சுவிட்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைந்துவிடும். நேர்மின்னோட்டத்தில் பூச்சியமே வராது. பொறி தொடர்ந்து எரிந்து பெட்டியையே உருக்கும். நேர்மின்னோட்டத்துக்கென்று குறிப்பிட்ட சுவிட்சையே கேட்டு வாங்குங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி பொதுவானது. பேனல் சட்டத்தையும் பெட்டியையும் ஒரே புவித்தொடுப்பில் இணைத்து, இடியால் திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் எழுச்சிக் காப்பானும் பூட்ட வேண்டும். பாறை நிலத்தில் ஒரு கம்பி அடித்தால் போதாது. ஈரமான கான் ஓரமாகச் செப்புக் கம்பியைப் புதைத்து நீட்டுங்கள்.

தாங்கி வைக்கும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 10,000 லீற்றர் என்றால் பத்துத் தொன் சரிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெட்டி எடுத்த கெட்டி மண்ணில் வையுங்கள், கொட்டி நிரப்பிய மண்ணில் வேண்டாம். மண்சரிவு அபாயமுள்ள இடமா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்த பிறகு இடத்தைத் தீர்மானியுங்கள். நிரம்பி வழியும் நீரைச் சரிவில் விடாமல், பைப் போட்டுக் கல் பதித்த கானில் இறக்குங்கள். நாளும் வழியும் நீர் ஒரே இடத்தில் ஊறி ஊறி மண்ணை இளக்கிவிடும். தாங்கி நிரம்பியதும் பம்பியை நிறுத்த மிதவைச் சுவிட்ச் போடலாம். அதற்கு மேலிருந்து கீழ்வரை தனி வயர் வேண்டும். பாத்திக்கு மேல் பத்து மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தால் சொட்டு நீருக்கு வேண்டிய ஒரு பார் அழுத்தம் தானாகவே கிடைக்கும்.

மரக்கறிக்கு மட்டும்தான் இது என்றில்லை. தேயிலை நாற்றுமேடை, குடைமிளகாய் வளர்க்கும் பொலித்தீன் கூடாரம், மாட்டுப்பட்டி, பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் சுமக்கும் லயங்கள் என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும். குடிநீருக்குத் தினம் மூவாயிரம் லீற்றர் போதுமென்றால் பேனலும் அதற்கேற்பக் குறையும், ஆனால் நீரைக் கொதிக்கவைக்காமலோ குளோரின் இடாமலோ குடிக்கக் கூடாது. மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் உரமும் மருந்தும் ஊற்றில் இறங்கும், அது கொதிக்கவைத்தாலும் போகாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது மண்ணெண்ணெய்ப் பம்பி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. காசு முதலில் ஒரேயடியாகப் போனாலும், சோலர் பக்கம் ஆட்கள் திரும்புவதற்கு அந்த நினைவே காரணம். தோட்ட நிலத்தில் பூட்டுவதென்றால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சட்டத்தைக் கொங்கிறீற்றில் புதைக்காமல் ஆணி பூட்டிக் கழற்றக்கூடியதாகவே செய்யுங்கள்.

கடைசியாக ஓடை. சோலர் பம்பிக்கு எண்ணெய்ச் செலவு இல்லாததால், வெயில் இருக்கும்வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே இருப்பவர்களின் பீலி வற்றிய பிறகுதான் பிரச்சினை தெரியவரும். வறட்சியின் உச்சத்தில் 20 லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். 40 நொடியில் நிறைந்தால் மணிக்கு 1,800 லீற்றர். மேலே சொன்ன 2,160 லீற்றர் பம்பியை அங்கே நேரடியாக வைக்க முடியாது. சேகரிப்புத் தொட்டி கட்டி, இரவில் ஊறுவதில் ஒரு பங்கைத் தேக்கி, பகலில் ஏற்ற வேண்டும். தொட்டியிலிருந்து கீழ்நோக்கி எப்போதும் ஓடும்படி அடியில் ஒரு சிறு துளைப் பைப்பை முதலிலேயே பதித்து, அதை எவரும் அடைக்காதபடி கொங்கிறீற் போடுங்கள். முதல் பெருமழைக்கு முன் சல்லடையைக் கழற்றி இலைச்சருகை அள்ளுங்கள், பம்பியை மேலே இழுத்துவிடுங்கள், காட்டுப்பன்றி கிளறிய இடங்களில் பைப்பை மறுபடி மூடுங்கள்.